‘நன்றி’ என்பது இசைவு ஆகாது

சென்ற திங்கள் நம் அலுவலகத்திற்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் இளைஞர், சிற்றூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். நம் இதழில் பல்லாண்டுகள் தொடர்ந்து எழுதி, இன்று நம்மிடை இல்லாத புலவர் ஒருவரின் கட்டுரைகளைப் பழைய இதழ்களில் தேடித் தேடித் தொகுத்து வைத்திருக்கின்றார். மொத்தம் பத்தொன்பது கட்டுரைகள். அவற்றை நூலாக்க வேண்டும் என்பது அவர் விழைவு. தம் சம்பளத்திலிருந்து திங்கள்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, ஐந்நூறு படிகள் அச்சிட அச்சகத்தாரிடம் விலையும் பேசிவிட்டார். “இதழ் தங்களுடையது. ஆகையால் தங்கள் இசைவு மடல் ஒன்று இருந்தால் போதும் என்று அச்சகத்தார் கூறுகின்றார். அருள்கூர்ந்து ஒரு வரி எழுதியனுப்புங்கள், ஐயா” என்று கேட்டிருந்தார்.

ஒரு வரி எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எழுதுகோலை எடுத்தும் விட்டோம். எழுதியிருப்பின், எமக்கு உரிமையில்லாத ஒன்றை எம்முடையதாக எண்ணி வேறொருவர்க்கு வழங்கிய பிழைக்கு ஆளாகியிருப்போம். அப்புலவர் தம் கட்டுரைகளை நம் இதழில் வெளியிடத் தந்தார், அவ்வளவே. அவற்றை எமக்கு எழுதிக் கொடுத்தாரல்லர். அவற்றுக்கு யாம் ஒரு காசும் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. எம் பேழைகளைத் துழாவிப் பார்த்தோம். அவர் கையெழுத்திட்ட உரிமை ஆவணம் ஒன்றும் இல்லை. இல்லாத உரிமையை எங்ஙனம் வழங்குவது?

இதழில் வந்த எழுத்து இதழுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடை ஆழ வேரூன்றிக் கிடக்கின்றது. அச்சகத்தார் மட்டுமல்லர், இதழ் நடத்துவோரும், எழுதுவோரும், அவர்தம் மக்களும் அவ்வாறே எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. 1958 சனவரி 21-ஆம் நாள் செயலுக்கு வந்தது. ஓர் எழுத்தின் முதல் உரிமையாளர் அதனை எழுதியவரே என்று அதன் 17-ஆம் பிரிவு தொடங்குகின்றது. அதற்குச் சில விலக்குகள் உள. அவற்றுள் முதலாவது இதழ்களைப் பற்றியது. ஒருவர் ஓர் இதழில் சம்பளம் பெறும் பணியாளராக இருந்து, அப்பணியின் பகுதியாக, இதழில் வெளியிடுவதற்கென்றே ஒன்றை எழுதினாராயின், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, அதனை இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டும் இதழின் உடைமையாளரைச் சாரும். ‘மட்டும்’ என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்க. ஏனைய எல்லா வகையிலும் எழுதியவரே முதல் உரிமையாளர். நூலாக்கும் உரிமை அவருடையது. மொழிபெயர்க்கும் உரிமை அவருடையது. நாடகமாக்கும் உரிமையும் அவருடையதே. சம்பளம் வாங்கியவர்க்கே இந்நிலை என்றால், சம்பளமுமின்றி, அஞ்சற் செலவையும் தாமே தாங்கி, கைவலிக்க எழுதி விடுத்த வெளியூர்ப் புலவரின் எழுத்து யாருடையது என்று கேட்கவும் வேண்டுமோ?

அவ்வுரிமை இதழுக்கு வந்து சேர வேண்டுமானால், 19-ஆம் பிரிவின்படி உரிமையாளரோ அவர்தம் ஒப்புதல் பெற்ற பேராளரோ கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் வேண்டும். எந்த எழுத்து, எவ்வெவ்வுரிமை, எத்துணைக் காலம், எந்நிலப்பரப்பு என்பன அதில் விளங்க இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படவில்லையாயின் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். நிலப்பரப்புக் குறிக்கப்படவில்லையாயின் இந்தியா என்றே கொள்ளப்படும். இவ்வரம்புகள் 1994-ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்தவை; அதற்கு முந்திய உடன்படிக்கைகளை இவை தொடா. நம் போன்ற சிற்றிதழ்கள் முந்தியும் ஆவணம் எழுதியதில்லை, பிந்தியும் எழுதியதில்லை. ஆகவே அவ்வேறுபாடு நமக்கு எந்தப் பயனும் தரப்போவதில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடல் வேண்டும். ‘உரிமை ஆசிரியர்க்கே’ என்று கட்டுரையின் கீழ் அச்சிடவில்லை. பதிவாளரிடம் பதிவு செய்யவும் இல்லை. ஆதலால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பர் சிலர். எழுதி முடித்த அந்நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகின்றது. பதிவு என்பது வழக்கு வந்தால் காட்டுதற்கு ஒரு சான்று. உரிமையை ஈன்று தருவது அதுவன்று.

ஆயின் இதழுக்கு ஒன்றுமே உரித்தில்லையா எனின், உண்டு. ஆசிரியர் தாமே எழுதும் ஆசிரியவுரை அவருடையது. பல எழுத்துகளைத் தேர்ந்து, நிரல்படுத்தி, ஓர் இதழாகத் தொகுத்த அத்தொகுப்பின் உரிமையும் தொகுத்தவர்க்கு உண்டு. ஒரு முழு இதழையே அப்படியே மறுபடி அச்சிட விரும்புவார் இதழையும் கேட்க வேண்டும். அதனுள் எழுதிய ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அட்டைப்படம் வரைந்த ஓவியரை விட்டுவிடுகின்றனர். அவர்க்கும் உரிமை உண்டு.

இனி, நம் இதழுலகில் வழங்கும் ‘நன்றி’யைப் பற்றி.

எந்தச் சிற்றிதழைப் பிரித்தாலும், ஏதோவொரு பக்கத்தின் அடியில் ‘நன்றி’ என்று போட்டு வேறோர் இதழின் பெயரைக் காணலாம். யாமும் போட்டிருக்கின்றோம். அந்நன்றி யாருக்கு? எழுதியவர்க்கா? அன்று, இதழுக்கு. இதழ் தந்ததா? தரவில்லை, எடுத்துக்கொண்டோம். தாராத ஒருவர்க்கு, அவர் அறியாமலேயே, அவருடையதல்லாத ஒன்றுக்காக நன்றி கூறிவிட்டு, கடமை முடிந்ததென்று அடுத்த பக்கத்தை அச்சுக் கோக்கின்றோம். எங்கிருந்து எடுத்தோம் என்று மறைக்காமற் கூறுவது நன்மையே. பெயரும் இல்லாமல் கவர்ந்துகொள்வாரை நோக்க, நன்றி கூறுவோர் ஆயிரம் மடங்கு உயர்ந்தோர். எனினும் தோட்டத்துக் கனியைப் பறித்துக்கொண்டு வேலியில் ‘நன்றி’ என்று எழுதி வைப்பவனைத் தோட்டக்காரன் என்னென்பான்?

இதில் ஒரு நுண்மை உண்டு. இயக்க இதழ்கள் அறிந்திருக்க வேண்டியது. சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எவ்வெச் செயல்கள் உரிமை மீறல் ஆகா என்று நீண்டதொரு பட்டியலைத் தருகின்றது. அதனுள், நடப்புப் பொருளியல், அரசியல், குமுகாய, சமயச் செய்திகளைப் பற்றி ஓர் இதழில் வந்த கட்டுரையை இன்னோர் இதழ் எடுத்து வெளியிடலாம் என்னும் ஓர் உட்பிரிவு இருக்கின்றது. எழுதியவர் அவ்வுரிமையைத் தமக்கே வெளிப்படையாக ஒதுக்கிக் கொண்டிராவிடின். நாட்டு நடப்பைப் பற்றிய கருத்துகள் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். எனவே மொழிக்கொள்கையைப் பற்றியோ ஆற்றுநீர்ச் சிக்கலைப் பற்றியோ நம் இதழில் வரும் நடப்புக் கட்டுரையைத் தோழமை இதழொன்று எடுத்து வெளியிட்டால் அதனைச் சட்டம் குற்றம் என்னாது. ஆனால் இவ்வாயில் இதழிலிருந்து இதழுக்குச் செல்லும் வாயில் மட்டுமே. நூலுக்குச் செல்லாது. பாட்டுக்குச் செல்லாது, கதைக்குச் செல்லாது, சொல்லாராய்ச்சிக் கட்டுரைக்கும் செல்லாது. தொல்காப்பிய நூற்பாவொன்றுக்குப் புலவர் ஒருவர் ஓராண்டு உழைத்துக் கண்ட புத்துரையை ‘நடப்புச் செய்தி’ என்று எந்த நயன்மன்றத்திலும் வழக்காட முடியாது. திறனாய்வுக்காகச் சில வரிகளை எடுத்துக்காட்டுவது வேறு. அதற்கு அப்பிரிவே தனியாக இடந்தருகின்றது. கருத்தை எடுத்துத் தம் சொற்களில் எழுதுவதும் வேறு. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதனைச் சொல்லிய வடிவத்திற்கே உண்டு என்று 1978-இல் இந்தியத் தலைமை நயன்மன்றம், ஆர். சி. ஆனந்து என்னும் நாடக ஆசிரியர் ஒரு திரைப்பட நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது.

பிறரைக் குறை கூறுமுன் எம் குற்றத்தைக் கூறிவிடுதல் நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன், நின்றுபோன ஓர் இதழிலிருந்து ஒரு பாட்டை எடுத்து நம் இதழின் உள்ளட்டையில் வெளியிட்டோம். வழக்கம்போல ‘நன்றி’ போட்டோம். பாவலர் மறைந்து நெடுநாளாயிற்று. மகிழ்வார்களே ஒழிய யார் வருந்தப்போகின்றார்கள் என்று இருந்துவிட்டோம். இரண்டு கிழமை கழித்து அவர்தம் துணைவியாரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. சினம் ஒன்றும் இல்லை. “அவர் பாட்டை மறவாமல் போட்டதற்கு மகிழ்ச்சி. ஆனால் அச்சான பின் அப்பாட்டின் மூன்றாம் கண்ணியை அவர் திருத்தி எழுதிவிட்டார். முதலில் எழுதியதை இனி எங்கும் போட வேண்டா என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஒரு மடல் போட்டுக் கேட்டிருந்தால் திருத்திய படியை அனுப்பியிருப்பேனே” என்று எழுதியிருந்தார் அவ்வம்மையார்.

அவ்வட்டை இன்றும் எம் மேசையில் கண்ணாடியின் கீழ் உள்ளது. இசைவு கேட்பது என்பது சட்டத்திற்காகச் செய்யும் சடங்கு என்று அதுவரை எண்ணியிருந்தோம். பாவலர் எதைத் தம் முடிந்த சொல்லாகக் கருதினாரோ அதனை அறிந்துகொள்ளும் வழியும் அதுவே என்பது அன்று தெரிந்தது. சட்டப்படி அவ்வம்மையார் எம்மை வழக்கிற்கு இழுத்திருக்கலாம். பதிப்புரிமை மீறலுக்கு ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதினாயிரம் முதல் இரண்டு இலக்கம் உருபா வரை தண்டமும் உண்டு. அதைவிட அவ்வஞ்சலட்டை எம்மைக் கூசச் செய்தது.

மற்றொன்று எமக்குப் பிறர் செய்தது. நம் இதழில் வந்த சொல்லாராய்ச்சிக் கட்டுரையொன்றை, பெயர் கூற விரும்பாத ஓர் இதழ் கேளாமலே எடுத்து வெளியிட்டது. அது பொறுக்கத்தக்கதே. ஆனால் அவ்விதழின் மெய்ப்புத் திருத்துநர், ‘கரணியம்’ என்னும் சொல்லை அச்சுப்பிழை என்று கருதி, வந்த இடமெல்லாம் ‘காரணம்’ என்று மாற்றிவிட்டார். அக்கட்டுரையோ பாவாணர் வழிநின்று ‘காரணம்’ என்பதற்கு ஈடாகக் ‘கரணியம்’ என்று ஏன் எழுத வேண்டும் என்பதைப் பற்றியது! “காரணம் என்று எழுதாமல் காரணம் என்றே எழுதுக, அதற்குரிய காரணம் வருமாறு” என்று அச்சாகி வந்ததைக் கண்டு, எழுதிய புலவர் எங்ஙனம் இருந்திருப்பார் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்க. அவ்விதழின் படிப்பாளர் சிலர் அப்புலவரைப் பித்தர் என்றே கருதியிருப்பர்.

இத்தகு சிதைவுக்கு மருந்து சட்டத்தில் இருக்கின்றது. 57-ஆம் பிரிவு, பதிப்புரிமை கைமாறிய பின்னும், எழுதியவர் தம் பெயரைக் கோரவும், தம் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு விளையுமாறு எழுத்தைச் சிதைப்பதைத் தடுக்கவும் உரிமை தருகின்றது. மன்னு பண்டாரி என்னும் இந்தி எழுத்தாளர் தம் புதினத்தைத் திரைப்படமாக்கும் உரிமையை விற்ற பின், படம் தம் கதையைச் சிதைத்தது என்று வழக்கிட்டார். உரிமையை விற்றதனாலேயே 57-ஆம் பிரிவின் காப்பு அற்றுப்போகாது என்று தில்லி உயர்நயன்மன்றம் 1986-இல் கூறியது. போற்றத்தக்க தீர்ப்பே. ஆயினும் ஒரு சொல்லை மாற்றியது ‘புகழுக்கு ஊறு’ ஆகுமா என்று கேட்டால், நடுவர் என்ன கூறுவாரோ! ‘கரணியத்’துக்கும் ‘காரணத்’துக்கும் உள்ள வேறுபாடு நமக்கு உயிர், நயன்மன்றத்திற்கு அஃது ஒரு துணையெழுத்து.

ஆகவேதான் இசைவு மடல் நமக்குப் பிறரினும் மிகுதியாக வேண்டியிருக்கின்றது. சட்டம் ஐயத்துக்கிடமாக விட்ட இடத்தை மடலில் ஒரு வரி எழுதி அடைத்துவிடலாம்: “ஒரு சொல்லும் ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிட இசைகின்றேன்.” கேட்டுப் பெற்றவர் அவ்வரிக்குக் கட்டுப்பட்டவர். கேளாமல் எடுத்தவரைக் கட்டுப்படுத்த அவ்வரி நம் கையில் இல்லை. கேட்கும் வழக்கம் வேரூன்றிவிட்டால், நம் சொற்கள் நம் சொற்களாகவே ஓரிதழிலிருந்து மற்றோரிதழுக்குப் போகும். கேளாமல் எடுக்கும் வழக்கத்தை நாமே வளர்த்துவிட்டு, பிறர் நம் சொல்லைக் கெடுத்தார் என்று புலம்புவதற்கு நமக்குத் தகுதியில்லை.

உரிமை எத்துணைக் காலம் நிற்கும்? எழுதியவர் வாழ்நாள் முழுதும் நிற்கும்; பின்னர், அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். 1957-இல் இது 50 ஆண்டாகத்தான் இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்துரிமை 1991-உடன் முடியவிருந்த பொழுது, பத்தாண்டு கூட்டிச் சட்டத்தைத் திருத்தினர். வங்கப் பாவலர் ஒருவர் பொருட்டு எல்லா மொழியார்க்கும் உரிமைக்காலம் நீண்டது. பாரதியார்க்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1949-இல் சென்னை அரசு அவர் எழுத்துரிமையைத் தானே பெற்றுப் பின்னர் மக்கட்குப் பொதுவாக்கிற்று. அங்கே உரிமையை நீட்டினர், இங்கே விடுவித்தனர். எது சிறந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. விடுவித்ததனாலன்றோ இதழ்களில் சிதறிக் கிடந்த பாரதியார் எழுத்துகளைத் தேடித் தொகுப்போர் ஒருவர்பின் ஒருவராய்த் துணிந்து புறப்பட்டனர்! பாவேந்தர் எழுத்துகளும், மறைமலையடிகள், பாவாணர் எழுத்துகளும் அவ்வாறே தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப் பெற்றவை. அவற்றுக்கு எவரிடமும் இசைவு வேண்டியதில்லை. பெயரைச் சிதைக்காமலும் சொல்லைச் சிதைக்காமலும் அச்சிட வேண்டிய கடமை மட்டும் உண்டு.

நாட்டுடைமையாகாதோர்க்குக் காலத்தைக் கணக்கிட்டே ஆகவேண்டும். திரு.வி.க. மறைந்தது 1953. அவர் எழுத்துகளுக்கு இக்கணக்கின்படியே 2013-உடன் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் ‘நவசக்தி’யில் வந்தன யாவும் விடுதலை பெற்றுவிட்டன என்று எண்ணுதல் கூடாது. அவ்விதழில் எழுதிய ஒவ்வொருவர்க்கும் அவரவர் மறைந்த ஆண்டைக்கொண்டே கணக்கு. ஒரே இதழின் ஒரே பக்கத்தில், மேலே உள்ள கட்டுரை பொதுவுடைமையாகவும் கீழே உள்ள பாட்டு ஒருவருடைய உடைமையாகவும் இருத்தல் கூடும்.

புனைபெயர்தான் பெருந்தொல்லை. நம்மவர் புனைபெயர் சூட்டிக்கொள்வதில் வள்ளல்கள். ஒருவரே நான்கு பெயர்களில் எழுதுவார், நால்வர் ஒரே பெயரிலும் எழுதுவர். எழுதியவர் இன்னார் என்று வெளிப்படாத எழுத்துக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் உரிமைக்காலம். அதற்குள் இன்னார் என்று வெளிப்பட்டுவிட்டால், அவர் மறைவிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே பழைய இதழொன்றில் ஒரு புனைபெயரைக் கண்டால், அப்பெயர்க்குரியாரைத் தேடுவது ஆராய்ச்சியாளர் வேலை என்று தள்ளிவிடலாகாது. தொகுப்பாளர் வேலையும் அதுவே. சென்னையில் மறைமலையடிகள் நூலகமும் உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இதழ்களைக் காத்து வைத்துள்ளன. ஆண்டு நிறைவு இதழ்களிலும், பொங்கல் மலர்களிலும், இரங்கற் குறிப்புகளிலும் இப்புதிர்களுக்கு விடை பெரும்பாலும் கிடக்கும்.

ஈழத்து எழுத்தைத் தொகுப்பார்க்கு ஒரு சொல். இலங்கையின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியவர் மறைவுக்குப் பின் 70 ஆண்டு என்கின்றது. மலேசியச் சட்டம் 50 ஆண்டு என்கின்றது. இங்கே அச்சிட்டு அங்கே விற்பனைக்கு விடுப்போர் அங்குள்ள கணக்கையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரியுண்டபின், பழைய ஈழத்து இதழ்களின் ஒற்றைப் படிகள் எவரெவர் வீட்டுப் பெட்டியிலோ கிடக்கின்றன. அவற்றை மறுபதிப்பிடுவது வாணிகமன்று, மீட்பு. மீட்போரும் கேட்டே மீட்க வேண்டும் என்பதுதான் எம் கருத்து. கேட்கப்போகும் வீட்டில்தான் அப்படியும் இருக்கும்.

தேடியும் உரியவர் கிடைக்கவில்லையாயின் என் செய்வது? 31-அ என்னும் பிரிவு அதற்கென்றே உள்ளது. எழுதியவர் மறைந்தோ, இன்னார் எனத் தெரியாமலோ, உரிமையாளர் கண்டுபிடிக்கப்படாமலோ இருந்தால், உரிமம் வேண்டி முறையிடலாம். முன்பு அதற்கெனத் தனி வாரியம் இருந்தது. 2021-இல் அதனைக் கலைத்து அப்பணியை நயன்மன்றத்தின்பால் சேர்த்துவிட்டனர். முறையிடுமுன் செய்ய வேண்டிய ஒன்றைச் சட்டம் கட்டளையிடுகின்றது. நம் கருத்தை நாட்டின் பெரும்பகுதியில் உலவும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பாக வெளியிட வேண்டுமாம்! தமிழில் எழுதி, தமிழில் அச்சாகி, தமிழரே படித்த ஒரு கட்டுரையை, மறுபடியும் தமிழிலேயே தமிழர்க்காக அச்சிட, அதன் உரிமையாளரான தமிழரைத் தேடுவதற்கு ஆங்கில நாளிதழில் விளம்பரம்! மொழிபெயர்ப்பு வெளியிடுவதானால் மட்டும் அம்மொழி நாளிதழிலும் போட வேண்டும் என்கின்றது. மொழிபெயர்ப்புக்கு உள்ள அந்த வாய்ப்பும் மூலத்துக்கு இல்லை. அவ்விளம்பரச் செலவில் நம் இளைஞர் தம் நூலை அச்சிட்டே முடித்துவிடலாம். இப்பிரிவு திருத்தப்பட வேண்டும். உரிய எழுத்து எம்மொழியில் உள்ளதோ அம்மொழி நாளிதழில் அறிவித்தால் போதும் என்று இருத்தல் வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரேனும் இதனை அவையில் கேட்பாராயின் அவரை வாழ்த்தி ஆசிரியவுரை எழுத அணியமாக உள்ளோம்.

இசைவு கேட்டு எழுதும் மடல் எப்படி இருத்தல் வேண்டும் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வாய்ச்சொல் போதாது; தொலைப்பேசியில் ‘அதற்கென்ன, போட்டுக்கொள்ளுங்கள்’ என்றது நாளைக்குச் சான்றாகாது. 30-ஆம் பிரிவும் உரிமம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றது. எந்தக் கட்டுரை, எவ்விதழில், எந்தத் திங்களில் வந்தது என்பதையும், அதனை எங்கே, எவ்வடிவில், எத்தனை படி, என்ன விலையில் வெளியிடப் போகின்றீர்கள் என்பதையும் விளங்க எழுதுங்கள். ‘ஒரு தொகுப்பில் சேர்க்கின்றோம்’ என்று மொட்டையாக எழுதினால், அவரும் மொட்டையாகவே இசைவார்; பிற்பாடு சிக்கல் வரும். கொடுக்கக் கூடிய தொகை இவ்வளவு என்றோ, தொகை இல்லை, பத்துப் படிகள் தருவோம் என்றோ முதலிலேயே கூறிவிடுங்கள். ஏழ்மை இழிவன்று, மறைப்பதே இழிவு. அவர் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்ப இன்னொரு படியும், அஞ்சல்வில்லை ஒட்டிய உறையும் உடன் வையுங்கள். எழுதியவர் மறைந்திருந்து மக்கள் மூவர் இருப்பின், மூவரையும் கேளுங்கள். மறுமொழி வாராமை இசைவு ஆகாது.

எவ்வடிவில் என்பது வெறும் நுணுக்கமன்று. அமெரிக்காவில் தாசினி என்பாரும் வேறு ஐவரும் ‘நியூயார்க்கு டைம்சு’ முதலிய இதழ்கள்மேல் வழக்கிட்டனர். இதழில் அச்சிடத் தந்த கட்டுரைகளை மின்தொகுப்புகளில் சேர்த்ததற்குத் தங்களைக் கேட்கவில்லை என்பது வழக்கு. 2001-இல் அந்நாட்டுத் தலைமை நயன்மன்றம், ஒன்பது நடுவருள் எழுவர் கருத்தொப்ப, எழுதியவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஒருமுறை இதழுக்குத் தந்த இசைவு வேறு வடிவுக்குத் தானே நீளாது. ஆனால் அதன்பின் நேர்ந்ததையும் கூற வேண்டும்: அந்நாளிதழ் பலருடைய கட்டுரைகளைத் தன் மின்தொகுப்பிலிருந்து நீக்கத் தொடங்கிற்று. உரிமை நிலைநின்றது, கட்டுரைகள் மறைந்தன. தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வாங்கியிருந்தால் இரண்டும் நின்றிருக்கும்.

ஆகவே வரும் திங்கள் முதல் நம் இதழில் எழுதும் ஒவ்வொருவர்க்கும் ஒற்றைத்தாள் ஒன்று அனுப்பவுள்ளோம். எழுத்து எழுதியவர்க்கே உரியது. நம் இதழில் ஒருமுறை வெளியிடவும், இதழ்த் தொகுதியாகக் கட்டமைக்கவும் மட்டும் இசைகின்றார். பிற இதழ்கள் எடுத்தாள விரும்பினால் யாரைக் கேட்க வேண்டும், தமக்குப்பின் யாரைக் கேட்க வேண்டும் என்பன அதில் இருக்கும். கடைசி வரி சிலர்க்கு மனவருத்தம் தரலாம். ஆயினும் நிரப்பித் தருக. ‘நன்றி’ போட்டு எடுக்கும் வழக்கத்தை யாம் இன்றோடு விட்டோம். இசைவு பெற்ற எழுத்தின் அடியில் ‘ஆசிரியர் இசைவுடன்’ என்றே இனி வரும்.

அவ்விளைஞர்க்கு யாம் விரிவாக மறுமொழி எழுதி, மறைந்த புலவரின் மகளார் முகவரியைத் தேடித் தந்தோம். அம்மகளாரிடமிருந்து இசைவு வந்துவிட்டது. பணம் வேண்டா, இருபது படிகள் போதும், தந்தையார் எழுதியபடியே ஒரு சொல்லும் மாறாமல் வரவேண்டும் என்று எழுதியுள்ளார். ஆனால் பத்தொன்பதில் பதினேழுக்கே அவரால் இசைய முடிந்தது. எஞ்சிய இரண்டும் ‘வைகறைவாணன்’ என்னும் புனைபெயரில் வந்தவை. அது தந்தையார் பெயர்தானா என்று அவர்க்குத் தெரியவில்லை. எம்மிடமும் கைப்படி இல்லை. நடை அவருடையது போலத்தான் இருக்கின்றது. நடையை வைத்து உரிமையை முடிவு செய்ய இயலாது. நம் இதழோடு நெடுநாள் தொடர்புடைய அன்பர்களுள் அப்புனைபெயர்க்குரியாரை அறிந்தோர் உடனே எமக்கு எழுதுக. இருபக்கமும் பழைய மடல்கள் இருப்பின் அவற்றின் ஒளிப்படியையும் விடுக்க. அச்சகத்தார் இன்னும் ஆறு கிழமை காத்திருப்பதாகக் கூறியுள்ளார்.